பின்வரிசையில் ஒருவர் இருக்கிறார்

எங்கள் சபையின் வாலிபர் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு மற்ற மதங்களை நான் அறிமுகப்படுத்த வேண்டியதே இல்லை. பிறந்ததிலிருந்து அவற்றின் நடுவில்தான் வளர்கிறார்கள். சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம் வந்தால் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே சீனர்கள் இறந்தோருக்காகத் தாள் எரிப்பதைப் பார்க்கிறார்கள். நோன்பு மாதத்தில் பள்ளி உணவகத்துக்குத் தோழி வராததைக் கவனிக்கிறார்கள். பெரியப்பா வீட்டுப் பூசையறையில் முருகன் இருக்கிறார். மாமா பையன் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறான். கூடைப்பந்து ஆடும் நண்பன் கடவுளே இல்லை என்கிறான்.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே சிங்கப்பூரில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் பௌத்தர்கள் 31.1 விழுக்காடு, மதம் இல்லை என்போர் 20, கிறிஸ்தவர்கள் 18.9, முஸ்லிம்கள் 15.6, தாவோயிசத்தினர் 8.8, இந்துக்கள் 5. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிக்கு மேல் இந்துக்கள், ஏறத்தாழ நால்வரில் ஒருவர் முஸ்லிம், எட்டில் ஒருவர்தான் கிறிஸ்தவர். ஆக, ஒரு தமிழ்க் கிறிஸ்தவப் பிள்ளை எந்தப் பக்கம் திரும்பினாலும் வேறொரு நம்பிக்கையின் முகத்தில்தான் விழிக்க வேண்டும்.

அவர்களுக்குத் தெரியாதது ஒன்றுதான்: இந்த மனிதர்கள் உண்மையில் எதை நம்புகிறார்கள் என்பது. தோழி நோன்பிருப்பது தெரியும், ஏன் என்று தெரியாது. பெரியம்மா திருநீறு பூசுவது தெரியும், அது அவருக்கு எதை நினைவூட்டுகிறது என்று தெரியாது. தெரியாத இடத்தைப் பிள்ளைகள் சும்மா விடுவதில்லை. பிரசங்கத்தில் காதில் விழுந்தது, யூடியூபில் பார்த்தது, பாட்டி சொன்னது என்று எதையாவது வைத்து நிரப்பிக்கொள்கிறார்கள்.

மற்றவர்கள் நம்புவதைச் சொல்லிக்கொடுக்கும் இந்தப் பாடத்தைத் தொடங்கலாம் என்றபோது பெற்றோரில் சிலருக்கு மனம் ஒப்பவில்லை. "வேதமே இன்னும் முழுசாத் தெரியல சிஸ்டர், அதுக்குள்ள இது எதுக்கு?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். நியாயமான கேள்வி. வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறது. அதில் ரோமர் நிருபத்தை ஒழுங்காக முடிக்கவே மாதங்கள் ஆகும். இன்னொரு தாய்க்கு வேறு பயம்: பிள்ளை குழம்பிப்போனால் யார் பொறுப்பு?

அவர்களுக்கு நான் யாத்திராகமம் 20-ஆம் அதிகாரத்தைத்தான் திறந்து காட்டினேன். "பிறனுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக." இந்தக் கட்டளையை நாம் நீதிமன்றக் கூண்டோடு நிறுத்திக்கொள்கிறோம். அண்டை வீட்டார் மனதில் பரிசுத்தமாக வைத்திருக்கும் ஒன்றைப் பற்றி, அவர் இல்லாத இடத்தில், உண்மையல்லாததைச் சொல்வதும் பொய்ச்சாட்சிதான். அவர் இந்து, இவர் முஸ்லிம் என்பதற்காக அந்தக் கட்டளை தளர்ந்துவிடாது. சொல்லப்போனால், தன் தரப்பைச் சொல்ல அவர் எதிரில் இல்லை என்பதால் அங்கேதான் அது நம்மை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

இந்தப் பொய்ச்சாட்சி இரண்டு விதமாக வருகிறது. ஒன்று கேலி: "கல்லைக் கும்பிடுறாங்க", "பிசாசை வணங்குறாங்க". மற்றது பள்ளிக்கூடத்து இன நல்லிணக்க நாள் மேடைகளில் அடிக்கடி கேட்பது: எல்லா மதமும் ஒன்றையேதான் சொல்கின்றன. இரண்டாவது இனிமையாக ஒலிப்பதால் அதைப் பொய் என்று சொல்ல யாருக்கும் மனம் வருவதில்லை. ஆனால் ஒரு முஸ்லிமிடம் போய், இயேசு சிலுவையில் மரித்தார் என்று நாங்கள் சொல்வதும் அப்படி இல்லை என்று நீங்கள் சொல்வதும் ஒன்றுதான் என்றால், அவரையும் அவமதிக்கிறோம், நம்மையும் அவமதிக்கிறோம். அவர் உயிராகப் பிடித்திருக்கும் ஒன்றை, அது முக்கியமில்லை என்று தள்ளிவிடுகிறோம்.

வகுப்பில் ஒரு விதி வைத்தேன். எந்த மதத்தைப் பற்றிப் பேசினாலும் அந்த மதத்தைச் சேர்ந்த, அதை நேசிக்கும் ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பதாக நினைத்துப் பேச வேண்டும். நாம் விளக்கி முடித்ததும் "ஆமாம், நாங்கள் நம்புவது இதைத்தான்" என்று அவர் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் நாம் ஏன் உடன்படவில்லை என்ற பேச்சு. அந்த வரிசையை மாற்றக் கூடாது.

இது புதிதாக நான் கண்டுபிடித்த வழியல்ல. தமிழ்ப் புரோட்டஸ்டன்ட் கிறிஸ்தவம் தொடங்கிய காலத்திலேயே இதற்கு முன்னோடி ஒருவர் இருக்கிறார். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவைத் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவராக நம் பிள்ளைகளுக்குத் தெரியும். திண்ணைப் பள்ளியில் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தவர் என்பதும் தெரிந்திருக்கும். அவர் இன்னொன்றும் செய்தார். தமிழ் இந்துக்களுக்குக் கேள்விகள் அனுப்பி, அவர்கள் நம்பிக்கையைப் பற்றி அவர்களே எழுதிய பதில் கடிதங்களை வாங்கி, ஜெர்மன் மொழியில் ஆக்கி ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பினார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு முழு நூலை 1713-இல் எழுதி முடித்தார். அதை அச்சிட, மிஷனுக்குப் பொறுப்பாக ஹாலேயில் இருந்த பெரியவர்கள் மறுத்துவிட்டார்கள். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பப்பட்டவர், அதை ஐரோப்பாவில் பரப்ப வேண்டியதில்லை என்பது அவர்கள் எண்ணம். அவர் 1719-இல் காலமானார். நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது.

சீகன்பால்கு இந்து சமயத்தை ஒத்துக்கொண்டவர் அல்லர். கடைசிவரை மறுத்தே பேசினார், சில இடங்களில் மிகக் கடுமையாக. ஆனால் மறுப்பதற்கு முன் கேட்டார், உரியவர்களிடமே கேட்டார். இதை நான் வகுப்பில் சொன்னபோது ஒரு பையன், "அப்ப அந்த பாஸ்கள்தான் பயந்துட்டாங்களா?" என்றான். ஆமாம், பயந்துதான் போனார்கள். அதே பயம் இன்றைக்கும் நம் வீடுகளில் இருக்கிறது.

இங்கே சாட்சிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழ்ச் சபைகளில் மற்ற மதங்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் செய்தியில் பெரும்பகுதி, அந்த மதத்தை விட்டு வந்தவர்கள் மேடையில் சொல்லும் சாட்சியிலிருந்து வருகிறது. சாட்சிகளை நான் மதிக்கிறேன். என் பாட்டியின் மனந்திரும்புதல் சாட்சியைக் கேட்டு வளர்ந்தவள் நான். ஒருவர் தன் வாழ்க்கையில் தேவன் செய்ததைச் சொல்லும்போது அதற்கு இணை கிடையாது. ஆனால் விட்டு வந்தவரின் காயம், அவர் விட்டு வந்த மதத்துக்குப் பாடநூல் ஆகாது. நம் சபையை விட்டுப்போன ஒருவர் சொல்வதை மட்டும் வைத்து யாராவது கிறிஸ்தவத்தைப் படித்தால் நாம் ஒப்புக்கொள்வோமா? 2010-இல் இங்கே ஒரு சபையின் மூத்த போதகர், முன்னாள் பௌத்தத் துறவி உள்ளிட்டோரை மேடையில் பேட்டி எடுத்தபோது பௌத்தத்தையும் தாவோயிசத்தையும் இழிவாகப் பேசிய ஒளிப்பதிவுகள் வெளியே பரவின. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அவரை அழைத்துப் பேசியது. அவர் இரு சமயத்தாரிடமும் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அந்தக் கூட்டத்தில் சிரித்தவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். அவர்களில் பதின்ம வயதுப் பிள்ளைகளும் இருந்திருப்பார்கள். திங்கட்கிழமை பள்ளிக்குப் போய்ப் பௌத்த நண்பன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

சட்டத்துக்குப் பயந்து அடக்கமாகப் பேசக் கற்றுக்கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990-இல் நிறைவேறியது. அது ஏன் தேவைப்பட்டது என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். 1950 டிசம்பரில் மரியா ஹெர்டோக் என்ற சிறுமி டச்சு கத்தோலிக்கப் பெற்றோரிடம் வளர வேண்டுமா, முஸ்லிம் வளர்ப்புத் தாயிடம் வளர வேண்டுமா என்ற வழக்கு கலவரமாகி 18 உயிர்களைக் குடித்ததையும் சொல்கிறேன். ஆனால் சட்டத்தால் வாயைத்தான் கட்ட முடியும். வெளியே வாயைக் கட்டிக்கொண்டு, சபைக்குள் வந்ததும் அவிழ்த்துவிடும் பழக்கத்தைப் பிள்ளைகள் நம்மிடமிருந்து கற்கக் கூடாது.

பள்ளிகள் இதைச் செய்யலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஒரு முறை முயன்று பார்த்தார்கள். 1984 முதல் உயர்நிலை மூன்று, நான்கு மாணவர்களுக்குச் சமய அறிவு கட்டாயப் பாடமாக இருந்தது. பைபிள், பௌத்தம், இந்து சமயம், இஸ்லாம், சீக்கியம், கன்ஃபூசிய ஒழுக்கம் என்று ஆறில் ஒன்றை எடுக்கலாம். அது மதங்களுக்கு இடையிலான வேறுபாட்டு உணர்வைக் கூட்டுகிறது என்ற கவலை எழுந்து, 1989-இல் அதைக் கட்டாயப் பாடமாக வைத்திருப்பதில்லை என்று அரசு முடிவு செய்தது. ஒரு பிள்ளை ஒரு சமயத்தை மட்டும் எடுத்துப் படித்தால் பக்கத்து மேசைக்காரனின் சமயம் அவனுக்கு எப்படிப் புரியும்? அந்த வேலை இப்போது சபைகளிடமும் பள்ளிவாசல்களிடமும் கோயில்களிடமும்தான் வந்து நிற்கிறது.

இஸ்லாத்தைப் பற்றிய பாடம்தான் எங்கள் பிள்ளைகளுக்கு எப்போதும் பெரிய வியப்பு. குர்ஆனில் மர்யம் பெயரிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஈசா நபி என்று அவர்கள் அழைக்கும் இயேசு கன்னியிடம் பிறந்தார், அற்புதங்கள் செய்தார், திரும்ப வருவார் என்று முஸ்லிம்கள் நம்புகிறார்கள். இதைக் கேட்டதும், "அப்ப நம்ம மாதிரிதானே ஆன்ட்டி?" என்று ஒரு பெண் துள்ளினாள். அங்கேதான் நிறுத்தி நிதானமாகப் போக வேண்டும். ஈசா நபி சிலுவையில் அறையப்படவில்லை என்கிறது குர்ஆன். இறைவனுக்கு மகன் உண்டு என்பது அவர்களுக்குப் பொறுக்க முடியாத சொல். இறைவன் ஒருவனே என்பதில் அவர்கள் காட்டும் வைராக்கியம் எவ்வளவு ஆழமானது என்று பிள்ளைகள் உணர்ந்தால், அந்த மறுப்பு வெறும் பிடிவாதம் அல்ல என்பது விளங்கும். ஏறக்குறைய எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, நம் விசுவாசத்தின் நடுத்தூணான சிலுவையில் வந்து பிரிகிறோம். அந்தப் பிரிவின் கனத்தை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை உணர்வது நல்லது.

இந்து சமயம்தான் கடினம். தூரமாக இருப்பதால் அல்ல, மிக அருகில் இருப்பதால். எங்கள் பிள்ளைகளில் பலருக்குத் தாத்தா தலைமுறையோ அதற்கு முந்தியதோ இந்துக்கள். பேச ஆரம்பித்தாலே வீட்டுச் சண்டைகளும், போகாமல் விட்ட கல்யாணங்களும் சேர்ந்து வந்துவிடுகின்றன. அதனால் நான் சைவ சித்தாந்தத்திலிருந்து தொடங்குகிறேன்: பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை). உயிரைக் கட்டியிருக்கும் ஆணவம், கன்மம், மாயை. இறைவன் உருவம் கடந்தவர் என்று அவர்களும் சொல்கிறார்கள் என்பதும், திருமேனியில் அவர் எழுந்தருளுகிறார் என்பதே கோயில் வழிபாட்டின் அடிப்படை என்பதும் தெரிந்த பிறகு, "கல்லைக் கும்பிடுகிறார்கள்" என்ற வாக்கியம் பிள்ளைகள் வாயில் வருவதில்லை. சிலை வழிபாட்டை வேதம் தடை செய்கிறது, நாங்கள் அதில் பங்கெடுக்க மாட்டோம் என்பது அப்படியே நிற்கிறது. மறுப்பது எதையோ, அதைச் சரியாகத் தெரிந்து மறுக்கிறோம்.

இன்னொரு வாக்கியத்தையும் நான் வகுப்பிலிருந்து எடுத்துவிட்டேன். "மற்ற மதங்களில் மனிதன் கடவுளைத் தேடிப் போகிறான், கிறிஸ்தவத்தில் மட்டும்தான் கடவுள் மனிதனைத் தேடி வருகிறார்." நம் பிரசங்க மேடைகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. மாணிக்கவாசகர் "அவன் அருளாலே அவன் தாள் வணங்கி" என்று பாடியிருக்கிறார். இறைவனின் அருள் இல்லாமல் அவரை வணங்கக்கூட முடியாது என்பது அதன் பொருள். வைணவத்தில், தாய்க்குரங்கைப் பற்றிக்கொள்ளும் குட்டி போலவா, தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டி போலவா உயிர் காக்கப்படுகிறது என்று வடகலையாரும் தென்கலையாரும் தலைமுறை தலைமுறையாக வாதிட்டிருக்கிறார்கள். அருளைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாகச் சிந்தித்தவர்களுக்கு அருளே தெரியாது என்று சொன்னால், பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து போய்விடுவார்.

"அப்ப என்னதான் வித்தியாசம்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். நம் விசுவாசப்பிரமாணத்தில் பிலாத்துவின் பெயர் இருக்கிறது. ஒரு ரோம அதிகாரியின் பெயரை நாம் ஏன் வாரந்தோறும் உச்சரிக்கிறோம்? தேவனுடைய கிருபை ஒரு நாட்டில், ஒரு ஆட்சியில், ஒரு மனிதன் இரத்தம் சிந்திய நாளில் நடந்தது என்று நாம் சொல்வதால். அது நடக்கவில்லை என்றால், "கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீணாயிருக்கும்" என்று பவுலே சொல்லிவிட்டார். மலிவான வித்தியாசத்தை எடுத்துவிட்ட பிறகுதான் பிள்ளைகள் இந்த வித்தியாசத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

பௌத்தத்துக்கும் தாவோயிசத்துக்கும் என்னால் கொடுக்க முடிந்த நேரம் குறைவு. துக்கம், அதன் காரணம், அதன் முடிவு, அதற்கான வழி என்ற நான்கு உண்மைகளைச் சொல்லி, படைத்தவர் ஒருவரைப் பற்றிய பேச்சில்லாமலே ஒரு சமயம் இருக்க முடியும் என்று காட்டிவிட்டு நகர்கிறேன். சீனக் குடும்பங்களில் முன்னோர் வழிபாடு என்பது பெற்றோருக்குச் செய்யும் கடமை என்பதையும் சேர்த்துச் சொல்வேன். அதைத் தெரியாமல் ஒரு பிள்ளை நண்பனின் தாத்தா இறந்த வீட்டில் காலெடுத்து வைக்கக் கூடாது.

அறிவைவிட நடைமுறையில்தான் பிள்ளைகள் அதிகம் திணறுகிறார்கள். துக்க வீட்டில் ஊதுவத்தியைக் கையில் கொடுத்தால்? வேண்டாம் என்று மெல்லச் சொல்லிவிட்டுப் படத்தின் முன் தலைதாழ்த்தி நிற்கலாம். இங்கே பெரும்பாலும் யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பெரியம்மா தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்தால்? பவுல் கொரிந்தியருக்கு எழுதியதைப் படிக்கிறோம்: அவிசுவாசி விருந்துக்கு அழைத்தால், விசாரிக்காமல் முன்னே வைத்ததைப் புசி, இது படைக்கப்பட்டது என்று ஒருவன் சொன்னால், சொன்னவன் நிமித்தம் புசிக்காதே. பிள்ளைகள் இதை நடித்துப் பார்க்கிறார்கள். ஒருத்தி பெரியம்மாவாக உட்கார, மற்றவள் போய் மறுக்க வேண்டும். முதலில் எல்லோரும் வேதவசனம் சொல்லி மறுக்கிறார்கள். பெரியம்மாவாக நடிப்பவளின் முகம் சுருங்குவதைப் பார்த்த பிறகுதான் வேறு வழி தேடுகிறார்கள். "பெரியம்மா, பிரசாதம் வேணாம், ஆனா உங்க முறுக்கு இல்லாம நான் போக மாட்டேன்." இப்படி ஒரு பையன் சொன்னான். எத்தனையோ குடும்பங்களில் பெரியவர்களுக்கே வராத பேச்சு அது.

பெற்றோர் அனுமதியோடு சில பிள்ளைகளைச் சவுத் பிரிட்ஜ் சாலைக்கும் தெலுக் ஆயருக்கும் அழைத்துப் போனேன். அனுமதி தராத பெற்றோரை நான் வற்புறுத்தவில்லை. அது அவர்கள் உரிமை. 1826-இல் சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய ஜாமிஆ பள்ளிவாசலும், 1827-இல் நாராயண பிள்ளை எழுப்பிய மாரியம்மன் கோயிலும் சில எட்டு தூரத்தில் இருக்கின்றன. அங்கிருந்து நடந்தால் தெலுக் ஆயர் தெரு. அது ஒரு காலத்தில் கடற்கரை. கடல் கடந்து உயிரோடு வந்து சேர்ந்த சீனர்கள் நன்றி சொல்ல எழுப்பிய தியான் ஹாக் கெங் கோயிலும், தமிழ் முஸ்லிம்கள் நாகூர் ஷாகுல் ஹமீது நினைவாகக் கட்டிய தர்காவும், சீன மெதடிஸ்ட் திருச்சபையும் ஒரே தெருவில் நிற்கின்றன. நாகூரும் தரங்கம்பாடியும் ஒரே கடற்கரையில் இருக்கும் ஊர்கள் என்று அங்கே நின்றுதான் சொன்னேன். செருப்பைக் கழற்றினோம், தலைகுனிந்து உள்ளே போனோம், பார்த்தோம், கேட்டோம். வழிபாட்டில் சேரவில்லை. விருந்தாளியாக நடந்துகொள்வது எப்படி என்பதற்கு வகுப்பறையில் பாடம் எடுக்க முடியாது.

மதமே இல்லை என்போரைப் பற்றித்தான் எனக்கு அதிக அக்கறை. 2010-இல் 17 விழுக்காடாக இருந்தவர்கள் பத்தாண்டில் 20 ஆகிவிட்டார்கள். எங்கள் பிள்ளைகளை ஆழமாக அசைப்பது கோயிலும் பள்ளிவாசலும் அல்ல; நல்லவனாக, அன்பானவனாக, கடவுள் இல்லாமலே நிம்மதியாக இருக்கும் நண்பன். அவனை ஒழுக்கமில்லாதவன் என்று சொல்லிக்கொடுத்தால் அதுவும் பொய்ச்சாட்சி, பிள்ளைகள் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். பலர் துன்பத்தைப் பார்த்து விலகியவர்கள். "எங்க பாட்டிக்காக எல்லாரும் ஜெபம் பண்ணீங்க, அவங்க செத்துட்டாங்க" என்று சொல்லும் நண்பனுக்கு வாதம் தேவையில்லை, கூட உட்கார ஆள் தேவை. யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாள் வாய்திறக்காமல் இருந்ததுதான் அவர்கள் செய்த நல்ல காரியம் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு.

நரகத்தைப் பற்றிய கேள்வியும் வரும், எந்த ஆண்டும் தப்பாது. "அவ நல்ல பொண்ணு ஆன்ட்டி, அவளுக்கு என்ன ஆகும்?" இயேசுவே வழி என்று நான் நம்புகிறேன், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். யாருடைய முடிவையும் என் வாயால் தீர்ப்பளிக்கவும் மாட்டேன். "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாம் கேட்ட இடத்தைப் படித்துவிட்டு, அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறோம். கேட்ட பிள்ளைக்கு அது போதவில்லை என்பது முகத்தில் தெரியும். அந்தப் போதாமையோடு அவள் வாழ வேண்டியிருக்கிறது. நானும்தான்.

பாடத்தின் முடிவில் ஒரு வேலை கொடுக்கிறேன். நண்பர் ஒருவரின் நம்பிக்கையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, அதை அந்த நண்பரிடமே காட்டித் திருத்தி வாங்கி வர வேண்டும். ஒரு பெண் தன் முஸ்லிம் தோழியின் நோன்பைப் பற்றி எழுதினாள். பாவம் போவதற்காகப் பட்டினி கிடக்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். தோழி அதை அடித்துவிட்டு, இறையச்சம் வளரத்தான் நோன்பு என்று குர்ஆன் சொல்வதாக ஓரத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். பிறகு அந்தத் தோழியே, "இரு, நானும் உன் மதத்தைப் பத்தி எழுதறேன், நீ திருத்து" என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாளாம். முதல் வரி: கிறிஸ்தவர்கள் மூன்று கடவுள்களை வணங்குகிறார்கள்.

எங்கள் பெண் சிவப்புப் பேனாவை எடுத்தாள், அடித்தாள். அதற்குப் பதில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அடுத்த ஞாயிறு அந்தத் தாளோடு வந்து, "ஆன்ட்டி, இத அவளுக்குப் புரியற மாதிரி எப்படிச் சொல்றது?" என்றாள். வகுப்பில் யாருக்கும் தெரியவில்லை. வேதமே முழுசாத் தெரியவில்லையே என்று கேட்ட தகப்பனாரின் மகனும் அங்கே இருந்தான். அவன்தான் முதலில் பைபிளைப் பிரித்தான். மத்தேயு 28, யோவான் 1, அங்கிருந்து நிசேயா விசுவாசப்பிரமாணம் என்று, ஒரே தேவனில் மூவர் என்னும் திரித்துவத்தை இப்போது படித்துக்கொண்டிருக்கிறோம். அந்தத் தாளில் எழுத வேண்டிய பதில் இன்னும் முடியவில்லை.